கரையோரப் படகு சிற்றூர்களில் நிற்கட்டும்

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீளமானது. ஆனால், ஓர் ஊரில் சீட்டு வாங்கிப் படகேறி, கரையைப் பார்த்தபடியே போய் அடுத்த ஊரில் இறங்குவதற்கு, அன்றாடம் ஓடும் கடல்வழிப் படகு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இப்போது கப்பல் சுற்றுலா பற்றிய பேச்சு சூடுபிடித்திருக்கிறது. வரப்போவது எப்படிப்பட்ட கப்பல், அது எங்கே நிற்கும், நிற்பதால் யாருக்கு வருமானம் என்பதையெல்லாம் இப்போதே கேட்டுவிட வேண்டும். துறை கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் ‘குரூஸ் பாரத் மிஷன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2029க்குள் நாட்டின் கப்பல் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. அதற்கு முன்பே, 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் புறப்பட்ட பயணிகள் கப்பல் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. மழைக்காலம் வந்ததும் மறுபடி நின்று, அடுத்த பிப்ரவரியில் திரும்ப ஓடத் தொடங்கியது.

கடல்வழிப் பயணம் நம் கரைக்கு வரத்தான் வேண்டும். அது சிறு படகாக வர வேண்டும். பகலில் ஓடி, தரங்கம்பாடி, தேவிபட்டினம், மணப்பாடு போன்ற சிற்றூர்களில் நிற்க வேண்டும். இரவுச் சாப்பாடும் படுக்கையும் ஊருக்குள் இருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத கப்பல் சுற்றுலாவுக்காக மக்கள் வரிப்பணம் ஒரு ரூபாயும் செலவாகக் கூடாது என்பதே என் வாதம்.

பெரிய கப்பல் எங்கே நிற்கும்?

ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும் சொகுசுக் கப்பலுக்கு ஆழமான துறைமுகம் வேண்டும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பெருந்துறைமுகங்கள் மூன்று: சென்னை, எண்ணூர் காமராசர், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார். முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆக, பெரிய கப்பலில் போகிறவர் சென்னையில் ஏறினால், கடலூர், நாகை, வேதாரண்யம், தொண்டி எதையும் காணாமல், நடுக்கடல் வழியே போக வேண்டியதுதான். கரையோர மாவட்டங்களுக்கு அந்தக் கப்பல் தொலைவில் நகரும் விளக்கு வெளிச்சம் மட்டுமே.

வருமானக் கணக்கும் அப்படியே. உணவு, படுக்கை, கடை, நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம் எல்லாம் கப்பலுக்குள். பயணி செலவழிக்கும் பணமும் கப்பலுக்குள். 2022இல் அந்தச் சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வர முனைந்தபோது, சூதாட்டக்கூடம் பற்றிய எதிர்ப்பால் முதலில் அனுமதி மறுக்கப்பட்டது. பண்பாடு கெடுமா, கெடாதா என்று அப்போது எல்லோரும் வாதாடினோம். கப்பல் வந்தால் கரையில் இட்லிக்கடை வைத்திருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்ற எளிய கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

வெளிநாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. வெனிஸ் நகரின் நடுக்கால்வாய் வழியே 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் போக 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலி தடை விதித்துவிட்டது. கிரேக்கத்தின் சான்டோரினி, மிக்கோனோஸ் தீவுகளில் இறங்கும் கப்பல் பயணிகளிடம் கூட்டம் மிகுந்த கோடை மாதங்களில் தலைக்கு 20 யூரோ வாங்குவது 2025இல் நடைமுறைக்கு வந்தது. காலையில் திமுதிமுவென்று இறங்கி, படம் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடும் கூட்டத்தால் தெருவும் குடிநீரும் கழிப்பறையும்தான் தேய்கின்றன என்பதை அந்த ஊர்கள் கண்டுகொண்டன. அவர்கள் கைவிடத் தொடங்கியதை நாம் ஆசையோடு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நார்வேயின் தபால் கப்பல்

பின்பற்றத் தகுந்த எடுத்துக்காட்டும் ஐரோப்பாவிலேயே இருக்கிறது. நார்வேயின் வடகரை மலையும் பனியும் கடல் நுழைந்த இடுக்குகளுமாக இருக்கும். சாலை போடுவது பெரும்பாடு. 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர், அரசின் உதவித்தொகையுடன் ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பலை ட்ரோன்ஹைம் நகரிலிருந்து வடக்கே ஹாமர்ஃபெஸ்ட் வரை ஓட்டத் தொடங்கினார். அதுவரை அந்தப் பக்கத்துக்குத் தபால் போய்ச்சேர வாரக்கணக்கில், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் ஆகும்.

130 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கரையோரச் சேவை ஓடுகிறது. தெற்கே பெர்கன், வடக்கே ரஷ்ய எல்லையோரக் கிர்க்கெனஸ். நடுவிலும் முனைகளிலுமாக 34 துறைகள். அவற்றில் பல சில ஆயிரம் பேர் மட்டும் வாழும் ஊர்கள். ஒரே கப்பலில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி இருப்பார். அடுத்த ஊர் மருத்துவமனைக்குப் போகும் உள்ளூர்ப் பாட்டி இருப்பார். கீழ்த்தளத்தில் சரக்கு இருக்கும். எந்தத் துறையிலும் நிற்காமல் போகக் கூடாது என்பதற்காகவே அரசு ஒப்பந்தம் போட்டுப் பணம் தருகிறது. 2021 முதல் இரண்டு நிறுவனங்கள் அந்த ஒப்பந்தத்தைப் பங்கிட்டு நடத்துகின்றன.

நான் இதில் பார்ப்பது ஒன்றைத்தான். முதலில் அது ஊர் மக்களுக்கான போக்குவரத்து. சுற்றுலா அதன் மேல் வந்து ஏறிக்கொண்டது. ஊர்த் தேவைக்கு ஓடும் கப்பல் என்பதால்தான் அயலாரும் அதில் போக விரும்புகிறார்கள். நம் பக்கத்திலேயே கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை காயலில் ஓட்டும் படகுகளில் பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பயணிகளும் ஒன்றாக உட்கார்ந்து போவதைப் பார்க்கலாம். காயலும் கடலும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் அரசுத்துறையே படகு ஓட்ட முடியும், கட்டணத்தையும் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

நமக்கும் கடல்வழி இருந்தது

கரையோரப் பயணம் நமக்குப் புதிதல்ல. 1914 முதல் சென்னையில் ‘போட் மெயில்’ ரயிலேறியவர்கள் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்கினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில், இலங்கையின் போர்ச்சூழலில் நின்றுபோனது.

‘ரஜூலா’ கப்பலைப் பற்றி நாகை, காரைக்கால், நாகூர்ப் பக்கத்து முதியவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் கண் விரியும். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். நாகையில் அது கரையை ஒட்டி நிற்காது. ஆழம் போதாததால் தொலைவில் நங்கூரமிடும். ஆட்களும் பெட்டிகளும் சிறு படகுகளில் போய்த்தான் ஏற வேண்டும். பெரிய கப்பலைக் கரைக்கு இழுக்கத் தவிக்காமல், சிறு படகை வைத்துக் கரையையும் கப்பலையும் சேர்த்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ரஜூலா விடைபெற்றது. அதன் இடத்துக்கு வந்த ‘எம்.வி.சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்த வழித்தடமே முடிந்தது.

விமானமும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் வந்தபின் கடல்வழியை யாரும் தேடவில்லை. துறைமுகம் என்று பெயருள்ள பல இடங்களில் இப்போது ஓர் அலுவலகக் கட்டடமும் கொடிக்கம்பமுமே மிச்சம்.

கடலே சொல்லும் அளவு

படகு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அதிகாரிகளைவிட நம் கடலே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. கோடியக்கரையைத் தாண்டி மேற்கே திரும்பினால் சேறும் மணல்திட்டும்தான். அதை ஆழப்படுத்தப் புறப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கி, வழியிலேயே நின்றுபோனது. பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகச் சிறு கப்பல்களுக்கு உள்ள வாசல், பாம்பன் கால்வாய்.

அந்த வாசலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தோணிகளும், கேரளத்திலிருந்தும் குமரியிலிருந்தும் வரும் விசைப்படகுகளும், இழுவைக் கப்பல்களும் பாலத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். அனுமதி கிடைத்து, நீரோட்டம் ஒத்துவந்தால்தான் கடக்க முடியும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி 17 மீட்டர் உயரத்துக்கு நேர்செங்குத்தாக மேலே எழும்புகிறது. மேலே எவ்வளவு உயர்த்தினாலும் கீழே இருக்கும் ஆழம் அவ்வளவுதான். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நின்று கைகாட்டினால்தான் சுக்கான் பிடிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

காற்றும் தன் பங்குக்குச் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடை அடிக்கும்போது கிழக்குக் கரையில் பயணிகள் படகு கூடவே கூடாது. வைகாசி பிறந்துவிட்டால் தூத்துக்குடி முதல் குமரி வரை தென்மேற்குக் காற்று கிளம்பி, கடல் கொந்தளிக்கும். தை நடுவிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரையான இரண்டரை மாதம்தான் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் ஒத்துவரும் காலம். ஆண்டு முழுவதும் ஓட்டுவோம் என்று விளம்பரம் செய்கிறவரை நம்பாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. பயணிகள் படகுக்காகக் கடலுக்குள் புதிதாகக் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால், முளையிலேயே கிள்ள வேண்டும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிபட்டது. புதுச்சேரியில் எண்பதுகளின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்த பின் ஊர்க் கடற்கரையே காணாமல் போனது. மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் கரை இது. குறுக்கே சுவர் வைத்தால் வடக்கே உள்ள குப்பம் கடலுக்குள் போகும். இருக்கிற மீன்பிடித் துறைமுகங்களிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் மிதவைத் துறை போட்டாலே சிறு படகுக்குப் போதும்.

கரை ஏற்கெனவே யாருடையது?

சுற்றுலாத் திட்ட வரைபடங்களில் கடற்கரை வெறும் மஞ்சள் கோடாக இருக்கும். நேரில் போனால் அங்கே ஓர் அங்குலமும் சும்மா கிடப்பதில்லை. ஃபைபர் படகு ஏற்றிவைக்கும் இடம், வலை பிரித்துக் காயவைக்கும் இடம், கருவாடு போடும் இடம், விடிகாலை ஏலம் நடக்கும் இடம் என்று எல்லாவற்றுக்கும் ஊர்க் கட்டுப்பாடு உண்டு. நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து சொல்வதை மீறி யாரும் படகு இறக்க முடியாது.

கடலுக்குள்ளும் கால அட்டவணை இருக்கிறது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பகிர்ந்திருக்கிறார்கள். கரையோர ஆழமற்ற நீரில் நண்டு வலை விரித்திருக்கும். மேலே சின்ன மிதவை மட்டும் தெரியும். வழி தெரியாத படகின் விசிறி அந்த வலையைச் சுற்றி இழுத்துவிட்டால், கடன் வாங்கி வலை போட்ட குடும்பத்துக்கு அந்தப் பருவமே போயிற்று. அதற்கு யார் ஈடு தருவது என்பது எந்தச் சுற்றுலா அறிவிப்பிலும் என் கண்ணில் படவில்லை.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாட்களில் துறைமுகம் காலியாகத்தானே இருக்கும், அப்போது சுற்றுலாப் படகு வரலாமே என்று நகரத்தில் இருந்து யோசிப்பவர்களுக்குத் தோன்றலாம். நேர்மாறு. தடைக்காலத்தில்தான் எல்லா விசைப்படகும் கரைக்கு வந்து, ஒன்றோடொன்று கயிறு கட்டி, ஒரு படகில் இறங்கி நாலு படகைத் தாண்டி நடக்கும் அளவுக்கு நெருங்கி நிற்கும். அப்போதுதான் மராமத்து, வண்ணம், எஞ்சின் வேலை எல்லாம். பயணிகள் படகுக்குத் தனி இடம் ஒதுக்காமல் இதே துறைக்குள் கொண்டுபோய்ச் சொருகினால் முதல் நாளே சண்டை வரும், வர வேண்டியதும்தான்.

இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன படகுகள் திரும்பாமல், வீட்டு ஆம்பிளை சிறையிலிருக்க, கரையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் ராமேஸ்வரத்திலும் காரைக்காலிலும் உண்டு. அவர்கள் கண் முன்னால், காவல் படகு துணைக்கு வர, சுற்றுலாப் படகு மிதந்துபோனால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? மீனவர்களை அழைத்துப் பேசாமல் தொடங்கும் எந்தக் கடல் திட்டமும் இந்த வேதனையை மிதித்துக்கொண்டுதான் நடக்கும். திட்டத்தின் முதல் கூட்டம் சென்னையில் முதலீட்டாளர்களோடு நடக்கக் கூடாது. கரையில், ஊர்க் கோயில் திடலிலோ சமுதாயக் கூடத்திலோ நடக்க வேண்டும்.

ஊரில் என்ன இருக்கிறது?

ஒரு படகு நின்றால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவரைத் தரங்கம்பாடியில் இறக்கிவிடலாம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் கட்டிய 1718ஆம் ஆண்டுத் தேவாலயம் அரசவீதியில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. சற்றுத் தள்ளி, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஒரே தெருவின் நீளத்துக்குள் இத்தனையும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த ஊரும் இதுவே. பார்க்க வருகிறவர் அதையும் தெரிந்துகொண்டு மெல்ல நடக்க வேண்டும்.

பேருந்தில் வருகிறவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேளாங்கண்ணிக்கோ திருக்கடையூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். மாலை நான்கு மணிக்குப் படகு வந்து, மறுநாள் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் கதை வேறு. ராச்சாப்பாடு, படுக்கை, காலைப் பலகாரம், வெயில் தாழ்ந்தபின் ஊரைச் சுற்றிக்காட்ட விவரம் தெரிந்த ஓர் இளைஞர் என்று ஒவ்வொரு பயணியின் செலவும் நாலைந்து வீடுகளுக்குப் பிரியும்.

தெற்கே இன்னும் இருக்கிறது. சரபேந்திரராஜன்பட்டினத்தில் நெப்போலியனின் தோல்வியை நினைத்துச் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா. அதன் முன்னே 2022இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. கடலுக்குள் நவகிரகக் கற்கள் நிற்கும் தேவிபட்டினம். கீழக்கரையின் பழைய பள்ளிவாசல். மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலைத் தாங்கி நிற்கும் மணப்பாடு.

தொண்டிக்குத் தெற்கே காரங்காடு என்றொரு மீனவச் சிற்றூர். அங்கே வனத்துறையின் துணையோடு ஊர் மக்களே அலையாத்திக் காட்டுக்குள் படகு ஓட்டுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. திரும்பி வந்தால் ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் மீனும் சுடச்சுட இலையில் விழும். படகு ஓட்டுபவரும் சமைப்பவரும் அந்த ஊர்க்காரர்களே. பெரிய முதலீடு இல்லாமல், கான்கிரீட் கொட்டாமல், நம் மாநிலத்திலேயே நடந்துகொண்டிருக்கும் இந்த ஏற்பாட்டைப் பத்து ஊர்களுக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டு வேறெங்கோ முன்மாதிரி தேடுகிறோம்.

முதலில் உயிர்

இத்தனையும் சொல்லிவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் போனால் அது குற்றம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். உயிர்காப்பு அங்கி இல்லை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மேலும் 22 உயிர்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அது சுற்றுலாவுக்காக மாற்றியமைக்கப்பட்ட மீன்பிடிப் படகு. அளவுக்கு மீறிக் கூட்டம். பொழுது சாய்ந்தபின் ஓட்டியது. 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் எலிஃபென்டா தீவுக்குச் சென்ற ‘நீல்கமல்’ படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பதினைந்து பேர் இறந்தார்கள்.

இவை எதுவும் கடலின் சீற்றத்தால் நேர்ந்தவையல்ல. எண்ணி ஏற்றாதது, அங்கி கொடுக்காதது, தகுதியில்லாத படகு, கண்காணிக்காத அதிகாரி. பெரும்பாலும் கரையில் நடந்த தவறுகள்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் ஏறியவர்களுக்கு அந்த ஆரஞ்சு அங்கிகள் நினைவிருக்கும். முந்தைய நடையில் ஆட்கள் கழற்றிப் போட்டது ஈரமாகக் குவிந்திருக்கும், வேர்வை நெடி. பலர் கழுத்தில் மாட்டிக்கொள்வதோடு சரி, வாரைக் கட்டுவதில்லை. கைக்குழந்தைக்குப் பெரியவர் அங்கியைப் போர்த்திப் பிடித்தபடி ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். சில நிமிடப் பயணத்திலேயே இந்த நிலை என்றால் இரண்டு மணி நேரக் கடல் பயணத்துக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும்!

தொடங்குவது எப்படி?

சென்னை முதல் குமரி வரை ஒரே மூச்சில் அறிவிக்க வேண்டாம். மூன்று சிறு வழித்தடங்கள் போதும். நாகப்பட்டினம் – தரங்கம்பாடி – பூம்புகார் ஒன்று. பாம்பன் – தேவிபட்டினம் – காரங்காடு ஒன்று. தூத்துக்குடி – திருச்செந்தூர் – மணப்பாடு ஒன்று. நாகையிலிருந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போகும் படகுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்காது. வயதானவர்களுக்கும் குமட்டல் வருகிறவர்களுக்கும் அது தாங்கும் தூரம்.

படகை இதற்கென்றே கட்ட வேண்டும். ஐம்பது பேருக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மிதக்க வேண்டும், கழிவைத் தொட்டியில் தேக்கிக் கரையில்தான் இறக்க வேண்டும். மீன்பிடிப் படகை மாற்றியமைத்துப் பயணி ஏற்றுவதைச் சட்டப்படி அறவே தடுக்க வேண்டும். பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே கடைசிப் படகு கரையேறிவிட வேண்டும். குழந்தைகளுக்குத் தனி அளவு அங்கி, ஏறுபவர் பெயர்ப் பட்டியலின் ஒரு படி கரையில். வானிலை எச்சரிக்கையால் பயணம் ரத்தானால் முழுப் பணமும் அன்றே திரும்பக் கிடைக்க வேண்டும். அந்த இழப்பை அரசு ஏற்றுக்கொண்டால், காற்றடிக்கும்போதும் ஓட்டிப்பார்க்கும் ஆசை நடத்துபவருக்கு வராது.

நடத்தும் பொறுப்பைப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் எடுத்துக்கொள்ளலாம். 1974 முதல் இருக்கும் அரசு நிறுவனம் அது. கன்னியாகுமரியில் பயணிகளை ஏற்றி இறக்கிய பழக்கமும் இருக்கிறது. சுக்கான் பிடிக்கவும் வழிகாட்டவும் கரையோர இளைஞர்களுக்கு முறையான கப்பல் பயிற்சியும் சான்றிதழும் அரசு செலவில் கிடைக்க வேண்டும். நண்டு வலை எங்கே கிடக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அப்படியும் வலை சேதமானால் பதினைந்து நாளில் ஈடு கிடைக்கும்படி ஒரு நிதி, படகு ஓடத் தொடங்கும் முன்பே வங்கியில் இருக்க வேண்டும்.

இருக்கைகளில் பாதி உள்ளூர் மக்களுக்கு, பேருந்துக் கட்டணத்தில். மறு பாதி சுற்றுலாப் பயணிகளுக்கு, முழுக் கட்டணத்தில். பயணிக்குப் படகில் தண்ணீரும் தேநீரும் தவிர வேறெதுவும் விற்கக் கூடாது. தங்க வைக்கும் வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்பே பதிவு கொடுக்கட்டும். சாப்பாட்டு ஒப்பந்தம் அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே போகட்டும். ஒவ்வொரு பயணியிடமும் ஊரில் இறங்கும்போது நூறு ரூபாய் இறங்குகட்டணம் வாங்கலாம். அதில் பாதி பேரூராட்சியின் கழிப்பறைக்கும் குப்பைக்கும், பாதி மீனவ ஊர்ப் பஞ்சாயத்துக்கும் நேராகப் போக வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று மாதாமாதம் மீன் ஏலக்கூடத்துச் சுவரில் எழுதிப் போட வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் எதிலும் இந்தப் படகுகள் ஒதுங்கவே கூடாது. 1986இலிருந்து கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக உள்ள அந்தத் தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை ஏற்கெனவே வெந்து வெளுத்துக்கொண்டிருக்கிறது. நங்கூரம் ஒன்று விழுந்தாலே நொறுங்கும்.

வழித்தடம், நாள், நேரம் மூன்றையும் முடிவு செய்யும் குழுவில் மீனவர் பிரதிநிதிகள் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தங்கள் ஊரில் படகு நிற்க வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால் அதுவே இறுதி. தமிழ்நாடு கடல்சார் வாரியம், மீன்வளத் துறை, வனத்துறை, சுற்றுலாத் துறை நான்கும் இந்தக் குழுவோடு உட்கார்ந்து பேசி, வரும் தைக்கு முன் முதல் வழித்தடத்தின் கால அட்டவணையை வெளியிடட்டும். நாகை – தரங்கம்பாடியிலிருந்து தொடங்கலாம். ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, கணக்கையும் குறைகளையும் அந்தந்த ஊரிலேயே கூட்டம் போட்டு வாசித்த பிறகு, அடுத்த படகுக்கு உத்தரவு கொடுத்தால் போதும்.